மெய்ம்மறை: பிளாஸ்டிக் கவசமும் அதற்குள் வேர்க்கும் உடலும்

1

கவசத்துக்குப் பழந்தமிழில் மெய்ம்மறை என்றொரு பெயர் உண்டு. பதிற்றுப்பத்தில் சேர அரசனையே அவனுடைய வீரர்களுக்கு மெய்ம்மறை என்று சொல்லும் வழக்கு இருக்கிறது. மெய் என்றால் உடம்பு. மெய் என்றால் உண்மையும்தான். உடம்பை மறைப்பது எதுவோ அது உண்மையையும் மறைக்கிறது என்று இந்தச் சொல்லை நாம் கொஞ்சம் திருகி வாசிக்கலாம். இலக்கண ஆசிரியர்கள் கோபித்துக்கொள்வார்கள். ஆனால் விஞ்ஞானப் புனைவுப் படங்களின் உடைக் கவசங்களைப் பற்றிப் பேச இதைவிடப் பொருத்தமான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

பிளாஸ்டிக் தொப்பியைப் பற்றியெல்லாம் ஒரு கட்டுரையா, அதுவும் இந்தப் பத்திரிகையிலா என்று கேட்கிற தோழர்கள் இருப்பார்கள். ஹாலிவுட் குப்பை, நுகர்வுக் கலாச்சாரம் என்று இரண்டு வார்த்தையில் கணக்கை முடித்துவிடுவது நமக்குச் சுலபம். அப்படி முடித்துவிட்டுப் போகிற இடத்தில்தான் அந்தக் குப்பை தன் வேலையை நிம்மதியாகச் செய்துகொண்டிருக்கிறது. அது நம்மிடமிருந்து அவ்வளவு தூரத்திலும் இல்லை. 'எந்திரன்' (2010) படத்தின் அனிமேட்ரானிக்ஸ் வேலைகளைச் செய்தது அமெரிக்காவின் லெகசி எஃபெக்ட்ஸ் பட்டறை. 'அயர்ன் மேன்' (2008) படத்தின் உலோக உடையை உருவாக்கிய ஸ்டான் வின்ஸ்டன் பட்டறையின் ஆட்கள் அவருடைய மறைவுக்குப் பிறகு தொடங்கியது அது. நம் சூப்பர் ஸ்டாரின் உடலும் அந்தப் பட்டறையின் அச்சுக்குள் போய்த்தான் வந்திருக்கிறது.

நான் எடுத்துக்கொள்வது ஒரே ஒரு பிரதியை. 1977 மே 25 அன்று வெளியான 'ஸ்டார் வார்ஸ்' படத்தின் வெள்ளைக் கவசச் சிப்பாய்கள். படத்தில் அவர்களுக்கு ஸ்டார்ம்ட்ரூப்பர் என்று பெயர். கூடவே அவர்களுடைய தளபதி டார்த் வேடர். இந்தக் கவசங்கள் எப்படிச் செய்யப்பட்டன, யார் செய்தார்கள், அவை யாருடைய சொத்து, உள்ளே நிற்பது யாருடைய உடல் என்ற கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்க முடியாது என்பதுதான் என் வாதம்.

2

முதலில் செய்முறையைப் பார்ப்போம். நம் விமர்சகர்கள் செய்முறை என்றாலே ஓடிப்போகிறார்கள். அர்த்தம் எங்கேயோ ஆகாயத்தில் உற்பத்தியாகிறது என்ற நினைப்பு. அது பட்டறையில்தான் உற்பத்தியாகிறது.

ஓவியர் ரால்ஃப் மெக்குவாரி 1975இலிருந்து வரைந்த படங்களில் இந்த உருவங்கள் முதலில் தோன்றின. உடைப் பொறுப்பை ஏற்ற ஜான் மோலோ உண்மையான ராணுவச் சீருடைகளின் வரலாற்றில் நிபுணர். இந்தப் படத்துக்காக அவருக்கு ஆஸ்கார் கிடைத்தது. படத்திலிருந்து களிமண் உருவம், களிமண்ணிலிருந்து அச்சு, அச்சிலிருந்து பிளாஸ்டிக். பிளாஸ்டிக் தகட்டைச் சூடாக்கி அப்பளம்போல் தொளதொளக்கும்போது அச்சின்மேல் போர்த்திக் கீழிருந்து காற்றை உறிஞ்சுவார்கள். தகடு அச்சைக் கவ்விக்கொள்ளும். ஆறினால் கவசம். இதற்குப் பெயர் வேக்குவம் ஃபார்மிங். அதாவது இந்தப் போர்வீரனை வார்ப்பது நெருப்போ சம்மட்டியோ அல்ல, வெற்றிடம். உருவகமாகச் சொல்லவில்லை, தொழில்நுட்பமே இதுதான்.

தகடு அதிகம் இழுபடுகிற மூலைகளில் மெலிந்துபோகும். அங்கேதான் முதலில் விரிசல் விடும். ஆகவே உள்பக்கத்தில் கண்ணாடி இழைப் பாயை ரெசினில் தோய்த்து ஒட்டி வலுவூட்ட வேண்டும். இன்று வீட்டில் உட்கார்ந்து இதே கவசத்தைச் செய்கிற ரசிகர்களின் வழியும் இதுதான். காகிதத்தை வெட்டி மடித்துத் தலைக்கவச உருவம் செய்கிறார்கள், மேலே ரெசின் பூசுகிறார்கள், உள்ளே கண்ணாடி இழை, வெளியே பட்டி பார்த்து உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பெயிண்ட் அடிக்கிறார்கள். நம் ஊர் கார் டிங்கரிங் கடையில் நசுங்கிய கதவுக்கு நடக்கிற அதே வேலை. இன்னொரு வழி ஈவா நுரைத் தகட்டை வெட்டிச் சூடுகாட்டி வளைத்து ஒட்டுவது. செருப்பின் அடிப்பாகத்துக்குப் போடுகிற அதே ஈவாதான். காலுக்கடியில் கிடந்த சரக்கு தலைக்கு ஏறிக் கிரீடமாகிறது. அதிகாரத்தின் உள்ளீடு என்ன என்பதற்கு இதற்குமேல் ஒரு கட்டுடைப்பு தேவையா?

இப்போது கேள்வி: இந்த வலுவூட்டல் எதற்கு எதிராக? குண்டுக்கு எதிராக இல்லை. கத்திக்கு எதிராகவும் இல்லை. அணிந்திருக்கிறவன் மூச்சு விடுகிறான், குனிகிறான், வேர்க்கிறான், களைத்துப்போய் எங்கேயாவது சாய்கிறான். இவற்றால் வடிவம் கெடக்கூடாது, அதற்குத்தான். உடலைப் பகைவனிடமிருந்து காப்பது பழைய கவசம். பிம்பத்தை உடலிடமிருந்து காப்பது இந்தக் கவசம். இங்கே பகைவன் உள்ளேயே இருக்கிறான். எலாஸ்டிக் பட்டைகள், தலைக்குள் பஞ்சு, இப்போதெல்லாம் கண்ணாடியில் மூச்சு படியாமலிருக்கச் சின்ன மின்விசிறி என்று உட்புறம் முழுக்க உடலோடு செய்துகொண்ட சமாதான ஒப்பந்தங்கள். வெளிப்புறத்தில் அந்த ஒப்பந்தத்தின் ஒரு கையெழுத்துகூடத் தெரியக்கூடாது.

உடல் சும்மா விடுவதில்லை. 1976 மார்ச்சில் துனிசியப் பாலைவனத்தில் படப்பிடிப்பு தொடங்கிய முதல் நாளே பொன்னிற ரோபோ உடையின் கால்பகுதி உடைந்து அணிந்திருந்த ஆன்டனி டேனியல்ஸின் பாதத்தைக் குத்தியது. அந்த உடையோடு அவரால் உட்கார முடியாது. படத்திலேயே வெள்ளைச் சிப்பாய் ஒருவன் கதவு நிலையில் தலையை மோதிக்கொள்கிறான். பார்வை தெரியவில்லை, அவ்வளவுதான். எடிட்டிங்கில் தப்பித் திரைக்கு வந்துவிட்ட அந்த மோதல்தான் என்னைப் பொறுத்தவரை அந்தப் படத்தின் ஆக நேர்மையான கணம். பேரரசின் கவசத்துக்குள் கண் தெரியாத ஒரு கூலி நடிகன் இருக்கிறான் என்று திரை ஒரு நொடி உளறிவிடுகிறது.

ரோலண்ட் பார்த் 1957இல் வந்த தன் 'மித்தாலஜிஸ்' நூலில் ஹாலிவுட்டின் ரோமானியர்களைப் பற்றி எழுதியிருப்பது நம்மில் பலருக்குத் தெரியும். 'ஜூலியஸ் சீசர்' படத்தில் எல்லோருடைய முகமும் வேர்த்துக்கொண்டேயிருக்கிறது. வேர்வை அங்கே சிந்தனையின் குறி, ஒழுக்கப் போராட்டத்தின் குறி என்கிறார் பார்த். அதைத் தலைகீழாகப் போட்டுப் பார்க்கலாம். இருபது ஆண்டு கழித்து வந்த இந்தப் படத்தில் சிப்பாய் வேர்க்கிறான், நிஜமாகவே வேர்க்கிறான். ஆனால் அது குறியாக மாற அனுமதியில்லை. வேர்வைக்கு வெளியேறும் வழி அடைக்கப்பட்டிருக்கிறது. ஆகவே அவனுக்குச் சிந்தனையும் இல்லை. சிந்திக்காதவனைச் சுட்டால் பார்வையாளனுக்கு வருத்தமும் இல்லை. ஆள் விழுவதாகத் தெரிவதில்லை, ஒரு வெள்ளைப் பாத்திரம் உருளுகிறது. கொலையைக் குடும்பத்தோடு பார்த்துக் களிக்கத்தக்கதாக ஆக்கியதுதான் இந்தக் கவச வடிவமைப்பின் மிகப் பெரிய வெற்றி.

3

டார்த் வேடரை எடுத்துக்கொள்வோம். கறுப்புத் தலைக்கவசம், கழுத்தை மூடி விரியும் பின்புறம். ஜப்பானிய சாமுராயின் தலைக்கவசமும் ஜெர்மானியப் படையின் எஃகுத் தொப்பியும் சேர்ந்த கலவை. விண்வெளியின் வெற்றிடத்தைக் கடந்து வர வேண்டிய ஆள் என்பதால் மூச்சு முகமூடி வேண்டும் என்று யோசனை சொன்னவர் மெக்குவாரி. களிமண்ணில் வடித்தவர் பிரையன் மூர் என்ற சிற்பி.

உள்ளே யார்? நடந்தவர் பிரிஸ்டலைச் சேர்ந்த பளுதூக்கும் வீரர் டேவிட் புரோஸ். குரல் கறுப்பின நடிகர் ஜேம்ஸ் ஏர்ல் ஜோன்ஸுடையது. அடுத்தடுத்த படங்களில் வாள் வீசியவர் ஒலிம்பிக் வாள்வீச்சு வீரர் பாப் ஆண்டர்சன். 1983இல் கடைசியாக முகமூடியைக் கழற்றியபோது தெரிந்த முகம் செபாஸ்டியன் ஷா என்ற இன்னொரு நடிகருடையது. ஒரு தன்னிலைக்குள் நாலு பேர். சிதறுண்ட தன்னிலை பற்றி நாம் எத்தனை கட்டுரைகளை மொழிபெயர்த்திருக்கிறோம்! இங்கே அது தத்துவமாக வரவில்லை, சம்பளப் பட்டியலாக வருகிறது. நாலு உழைப்பாளிகளை ஓர் ஆளாகக் கட்டி நிறுத்துகிற கயிறு அந்தக் கறுப்புத் தலைக்கவசம்தான். புரோஸின் மேற்கிங்கிலாந்துப் பேச்சு பேரரசுக்குப் பொருந்தாது என்று அழிக்கப்பட்டது. ஜோன்ஸின் குரல் வேண்டும், அவர் முகம் தேவைப்படவில்லை. எந்த உடலிலிருந்து எதை எடுத்துக்கொள்வது, எதைக் கழித்துவிடுவது என்று தீர்மானிக்கிற அதிகாரம் இருக்கிறதே, அதுதான் கவசத்தை உண்மையில் வடிவமைக்கிறது.

4

இனி சொத்துப் பிரச்சினை. லண்டனின் ட்விக்கனத்தில் பிளாஸ்டிக் வார்ப்புத் தொழில் செய்துவந்தவர் ஆண்ட்ரூ எய்ன்ஸ்வொர்த். நிக் பெம்பர்டன் என்பவர் செய்துகொடுத்த களிமண் மாதிரியை வைத்து அவர் மாதிரித் தலைக்கவசங்களை வார்த்தார். லூகாஸ் ஒப்புக்கொண்ட பிறகு படத்துக்காக 50 செய்துகொடுத்தார். சுமார் முப்பது ஆண்டு கழித்து, 2004இல், அதே அச்சுகளிலிருந்து தலைக்கவசங்கள் செய்து விற்க ஆரம்பித்தார். லூகாஸ் ஃபிலிம் வழக்குப் போட்டது. 2006இல் கலிபோர்னியா நீதிமன்றம் இரண்டு கோடி டாலர் கட்டச் சொன்னது. அமெரிக்காவில் அவர் விற்றதோ அதிகம்போனால் 30,000 டாலர் சரக்கு. பிறகு வழக்கு இங்கிலாந்துக்கு வந்தது. 2008, 2009 என்று இரண்டு நீதிமன்றங்கள் தாண்டி 2011 ஜூலை 27 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

வழக்கின் மையக் கேள்வி நம் சிறுபத்திரிகைகளில் இரவெல்லாம் சண்டை போடத்தக்க கேள்வி: ஸ்டார்ம்ட்ரூப்பரின் தலைக்கவசம் சிற்பமா, இல்லையா? சிற்பம் என்றால் கலைப்படைப்பு, அந்த வகையில் அதற்குப் பதிப்புரிமைப் பாதுகாப்பு உண்டு. இல்லையென்றால் அது ஒரு பயன்பாட்டுப் பொருள். கீழ்நீதிமன்ற நீதிபதி ஓர் உதாரணம் சொல்லியிருந்தார். டேட் மாடர்ன் கலைக்கூடத்தில் இரண்டு வாரம் வைக்கப்பட்ட செங்கல் குவியல் சிற்பமாக இருக்கலாம். அதே குவியலை வீடு கட்டுவதற்காக ஒருவர் தன் வாசலில் இரண்டு வாரம் கொட்டி வைத்தால் அது செங்கல்தான். பொருளில் இல்லை அர்த்தம், இடத்தில்தான் இருக்கிறது என்று அமைப்பியல்காரர்கள் சொன்னதை நீதிபதி தன் வழியில் கண்டுபிடித்திருக்கிறார். உச்ச நீதிமன்றம் முடித்துவைத்தது: கலைப்படைப்பு என்பது படம். தலைக்கவசம் அந்தப் படத்தைத் தயாரிக்கிற செயல்முறையில் ஒரு பயன்பாட்டுப் பொருள்.

இந்தத் தீர்ப்பை நான் பலமுறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். யாரையும் எதிலிருந்தும் காக்காத ஒரு கவசம், போட்டால் கண் தெரியாத ஒரு தொப்பி, சட்டத்தின் பார்வையில் 'பயன்படுபொருள்'. பயன் என்ன? படம் என்ற சரக்கை உண்டாக்குவது. சம்மட்டி மாதிரி, லேத்து மாதிரி அதுவும் ஓர் உற்பத்திச் சாதனம். நாடகத்தனமில்லாமல் மார்க்ஸியத்தை இதைவிட நன்றாக ஒரு முதலாளிய நீதிமன்றம் விளக்கிவிட முடியாது. களிமண் பிசைந்தவனும் தகடு வார்த்தவனும் கலைஞர்கள் அல்லர். தான்தான் படைப்பாளி என்று எய்ன்ஸ்வொர்த் சொன்ன வாதத்தையும் நீதிமன்றம் ஏற்கவில்லை.

ஆனால் பாருங்கள், இங்கே ஒரு வேடிக்கை. கலை இல்லை என்று முத்திரை குத்தப்பட்டதால்தான் பிரிட்டனில் அந்தத் தலைக்கவசத்தைச் செய்து விற்கிற உரிமை அவருக்குக் கிடைத்தது. (அமெரிக்க விற்பனை தொடர்பான அமெரிக்கப் பதிப்புரிமைக் கோரிக்கையை இங்கிலாந்து நீதிமன்றமே விசாரிக்கலாம் என்றும் சொல்லிவிட்டார்கள், அது வேறு கதை.) 'இதுவும் கலைதான், எங்களையும் கலைஞர்களாக அங்கீகரியுங்கள்' என்று விளிம்பிலிருப்பவர்கள் கேட்கும்போதெல்லாம் இந்தத் தீர்ப்பை நினைத்துக்கொள்வது நல்லது. கலை என்ற அந்தஸ்து எப்போதும் கையைத்தான் விடுவிக்கும் என்பதில்லை. சமயங்களில் அது கையைக் கட்டி உடைமையாளனிடம் ஒப்படைக்கும். கலையாக இல்லாதிருப்பதில் ஒரு சுதந்திரம் இருக்கிறது. 2012இல் டிஸ்னி 405 கோடி டாலருக்கு லூகாஸ் ஃபிலிமை வாங்கியபோது வாங்கியது அச்சுகளையா? பிம்பத்தின் மீதான அதிகாரத்தை.

5

கொஞ்சம் கசப்பான இடத்துக்கு வருகிறேன். ஸ்டார்ம்ட்ரூப்பர் என்ற பெயரே முதல் உலகப் போரின் ஜெர்மானியத் தாக்குதல் படைகளிடமிருந்து வந்தது. படம் வெளியான அதே 1977இல்தான் க்ளாவ்ஸ் தேவெலைட்டின் 'ஆண் கற்பனைகள்' நூலின் முதல் பகுதி ஜெர்மனியில் வெளிவந்தது. போருக்குப் பின் தொழிலாளர் எழுச்சிகளை நசுக்கிய ஃப்ரைகோர் கூலிப்படையினரின் நாவல்களையும் தன்வரலாறுகளையும் அவர் வாசிக்கிறார். தன் உடல் கரைந்துவிடும், வெள்ளமாய் வருகிற கூட்டம் தன்னை மூழ்கடித்துவிடும், பெண் தன்னை உருக்கிவிடும் என்ற பயத்தில் தன் உடலையே கவசமாக இறுக்கிக்கொண்ட ஆண் அங்கே வருகிறான். பாசிசம் அவனுக்கு ஒரு கொள்கையாக வருவதில்லை, ஓர் உடல் நிலையாகத்தான் வருகிறது. ஹாலிவுட் அந்த உடலை அச்சில் வார்த்து உலகத்துக்கு விற்றது.

வில்லனுக்குத்தானே அந்த உடை, அதில் என்ன தப்பு என்று கேட்கலாம். படத்தின் கடைசிக் காட்சியைப் பாருங்கள். கலகக்காரர்கள் வெற்றி விழா கொண்டாடுகிறார்கள். இரண்டு பக்கமும் அணிவகுத்த படை, நடுவே நீண்ட பாதை, மேடையில் பதக்கம். லெனி ரீஃபன்ஸ்டாலின் நாஜிப் பிரச்சாரப் படமான 'மன உறுதியின் வெற்றி'யின் (1935) சட்டகம் இது என்று பல விமர்சகர்கள் சுட்டிக்காட்டியிருக்கிறார்கள். கவசத்தை வில்லனுக்குக் கொடுத்துவிட்டுச் சட்டகத்தை நாயகனுக்கு வைத்துக்கொண்டார்கள். பாசிச அழகியலின் கவர்ச்சி பற்றி சூசன் சொண்டாக் 1975இல் எழுதிய எச்சரிக்கையின் மை அப்போது காய்ந்திருக்கவில்லை.

1997இல் அமெரிக்காவில் ரசிகர்கள் சேர்ந்து 501ஆம் படைப்பிரிவு என்று ஒன்றை உருவாக்கினார்கள். இன்று பல நாடுகளில் ஆயிரக்கணக்கான உறுப்பினர்கள். சேர வேண்டுமென்றால் கவசம் திரையில் உள்ளபடியே இருக்க வேண்டும், சரிபார்ப்பார்கள். மருத்துவமனைகளுக்குப் போகிறார்கள், நிதி திரட்டித் தருகிறார்கள், இலாபம் பார்ப்பதில்லை. நல்ல மனிதர்கள்தான். ஆனாலும் கேட்காமலிருக்க முடியவில்லை: முகமில்லாத அடியாளாக இருப்பதில் இவ்வளவு வேட்கை எங்கிருந்து வருகிறது? நாயகனாக வேடம் போட்டால் முகம் பொருந்த வேண்டும், உயரம், நிறம் பொருந்த வேண்டும். அடியாளின் கவசத்துக்கு அது வேண்டாம். குண்டாக இருப்பவன், வயதானவன், பெண், கறுப்பு, பழுப்பு, எவரும் உள்ளே போகலாம். சமத்துவத்தின் கனவு ஒன்று அங்கே நிறைவேறுகிறது, ஆனால் பேரரசின் சீருடைக்குள். பாசிசத்தின் கவர்ச்சி அது தருகிற அதிகாரத்தில் மட்டும் இல்லை. தன்னைத் தொலைத்துவிடலாம் என்று அது தருகிற ஓய்விலும் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ளாமல் சீருடை அணிந்து நடக்கிற எந்த இளைஞனிடமும் நாம் பேச முடியாது. அமெரிக்காவில் மட்டுமா என்ன?

அந்தக் கவசத்தைக் கழற்றினால் என்ன ஆகும் என்பதும் நடந்தது. 2014 நவம்பரில் அடுத்த படத்தின் முன்னோட்டம் வந்தது. முதல் காட்சியிலேயே பாலைவனத்தில் வெள்ளைக் கவசம் போட்ட ஒருவன் சட்டகத்துக்குள் எழுகிறான், தலைக்கவசம் இல்லை. கறுப்பு முகம், மூச்சிரைக்கிறது, வேர்த்துக் கொட்டுகிறது. நடிகர் ஜான் போயேகா. முப்பத்தேழு ஆண்டுகளாக உள்ளே அடைபட்டிருந்த வேர்வை வெளியே வந்தது என்றுதான் நான் அதை வாசிக்கிறேன். ஸ்டார்ம்ட்ரூப்பர் எப்படிக் கறுப்பாக இருக்கலாம் என்று இனவெறிக் கூச்சல் உடனே எழுந்தது. கவசத்தின் வெள்ளை வெறும் பெயிண்ட் என்று அதுவரை எல்லோரும் நடித்துக்கொண்டிருந்தார்கள். 2015இல் வெளியான படத்தில் சாகிற தோழன் ஒருவனின் ரத்தக் கை அவன் தலைக்கவசத்தில் பதிகிறது. ஒரே அச்சில் வார்த்த நூறு முகங்களில் அவனை மட்டும் அடையாளம் காட்டுவது அந்த ரத்தக் கறை. சீனச் சுவரொட்டியில் போயேகாவின் உருவத்தைச் சுருக்கினார்கள். 2020 ஜூனில் லண்டன் ஹைட் பார்க்கில், கறுப்பர் உயிர் பற்றிய போராட்டத்தில், கையில் ஒலிபெருக்கியோடு அவர் பேசினார். தன்னை முக்கியப் பாத்திரமாக விளம்பரம் செய்துவிட்டுப் பிறகு ஒதுக்கினார்கள் என்று அதே ஆண்டில் டிஸ்னியையும் பகிரங்கமாக விமர்சித்தார். கவசத்தைக் கழற்றியவனுக்குக் கம்பெனி கொடுத்த இடம் அவ்வளவுதான்.

6

ஒரு விஷயம் பாக்கி. 2002இல் வந்த படத்தில் இந்தச் சிப்பாய்களின் முன்னோர்களாகக் குளோன் படை வருகிறது. அத்தனை பேரும் ஒரே ஆளின் நகல்கள். நடித்தவர் டெமுவெரா மோரிசன், நியூசிலாந்தின் மவோரி இனத்தவர். அந்தப் படத்துக்காகக் குளோன் கவசம் ஒன்றுகூடச் செய்யப்படவில்லை. எல்லாம் கணினியில் வரைந்தது. கவசத்தின் தர்க்கம் அங்கே தன் முடிவை எட்டுகிறது: தொல்லை பிடித்த உடலை ஒரேயடியாக அகற்றியாயிற்று. வேர்வை இல்லை, கதவில் மோதுகிற தலை இல்லை, பாதத்தைக் குத்துகிற பிளாஸ்டிக் இல்லை, பின்னாளில் வழக்காட வருகிற வார்ப்புக்காரனும் இல்லை.

பிறகு நடந்ததுதான் எனக்குப் பிடித்த பகுதி. உலகில் எங்குமே இல்லாத அந்தக் கவசத்தை ரசிகர்கள் கையால் செய்தார்கள். காகிதம், ரெசின், கண்ணாடி இழை, பட்டி, உப்புத்தாள். செய்து முடித்த பிறகு அதைப் பழசாக்குகிறார்கள். விளிம்புகளில் வெள்ளிப் பெயிண்டைத் தொட்டு இழுத்து, கறுப்பைக் கரைத்து ஊற்றித் துடைத்து, நடக்காத போர்களின் வடுக்களைத் தூரிகையால் வரைகிறார்கள். மார்பில் பட்ட விழுப்புண்ணைப் பெருமையாய் எண்ணிப் பார்க்கச் சொன்ன மரபில் வந்தவர்கள் நாம். பிளாஸ்டிக் விழுப்புண்ணைப் பார்த்து நமக்குச் சிரிப்பு வரும். வரட்டும். ஆனால் அந்தச் சிரிப்போடு இதையும் பார்க்க வேண்டும்: கம்பெனி உடலைத் துடைத்தெறிந்த இடத்தில் ஏதோ ஒரு கைக்கு ரெசின் ஒட்டுகிறது, ஏதோ ஒரு மூக்கில் தூசி ஏறுகிறது, ஏதோ ஒரு தலை உள்ளே போய் வேர்க்கிறது. பிம்பத்துக்குள் உடல் திருட்டுத்தனமாகத் திரும்பி வருகிறது.

இதை எதிர்ப்பு என்று கொண்டாட நான் தயாராக இல்லை. அவர்கள் அணிவது பேரரசின் உடைதான். கம்பெனியும் 501 என்ற அந்த எண்ணைத் தன் கதைக்குள்ளேயே இழுத்துப்போட்டுக்கொண்டது, 2007இல் அவர்களைத் தன் அணிவகுப்பிலும் நடத்திக் காட்டியது. ஆனால் வெறும் அடிமைத்தனம் என்று ஒதுக்கவும் முடியாது. கவசத்தை உள்பக்கத்திலிருந்து பார்த்தவன் அதன் விரிசல்கள் எங்கே என்று அறிந்தவன். எங்கே மெலிந்திருக்கிறது, எதைக் கொண்டு ஒட்டியிருக்கிறார்கள், எந்தப் பட்டை அறுந்தால் எது கழன்று விழும் என்பதெல்லாம் அவனுக்குத் தெரியும். அதிகாரத்தைப் பற்றி இத்தனை பக்கம் எழுதுகிற நமக்கு அதன் வெளிப்புறம்தான் மனப்பாடம். வெள்ளைப் பளபளப்பைப் பார்த்துத்தான் நாம் கோபப்படுகிறோம், கவிதை எழுதுகிறோம். உள்ளே செருப்பு ரப்பரும் கண்ணாடி இழையும் ஒரு மனிதனின் வேர்வையும் இருக்கின்றன. மெய்ம்மறைக்குள் இருக்கும் அந்த மெய்யோடு பேசுகிற மொழி நம்மிடம் இருக்கிறதா என்பதுதான் இப்போது நம்மை நாமே கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி.